குழந்தைகளிடம் அனுப்பும் முன் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள்

கேள்வி: நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் பதினோரு பேர் மழலையர் ஆசிரியராக விரும்புகிறார்கள். அதில் ஒருவன் மட்டும் பையன். மற்றவர்கள் அவனைக் கிண்டல் செய்கிறார்கள். வாரம் ஒரு நாள் காலையில் இவர்களைப் பக்கத்து மழலையர் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். பாட்டு, பொம்மலாட்டம், சார்ட் தயாரிப்பு எல்லாம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

பதில்: பாட்டும் பொம்மலாட்டமும் இருக்கட்டும். ஆனால் அதிலிருந்தே ஆரம்பித்தால் பிள்ளைகள் மேடை ஏறுகிற நினைப்போடு போய் நிற்பார்கள். இந்த வேலையில் பாதி, வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான். முதல் நான்கு வாரம் ஆளுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். ஓரமாக உட்கார்ந்து, ஒரே ஒரு குழந்தையை இருபது நிமிடம் கவனித்து, கண்டதை எழுதட்டும்.

சுலபமாகத் தோன்றும், எழுதச் சொன்னால்தான் தெரியும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி முதல் நாள் எழுதியது இது: “முரட்டுப் பையன். யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டான்.” சரி, கண்ணால் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி எழுதினாள்: “மணி 10.10. சிவப்பு லாரியை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவள் சக்கரத்தைப் பிடித்து இழுத்தாள். கையைத் தட்டிவிட்டான். மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஓட்டினான். கொஞ்ச நேரம் கழித்து அவளைத் திரும்பிப் பார்த்தான்.” முதலில் எழுதியதை வைத்துக்கொண்டு அவனைத் திட்டத்தான் முடியும். அடுத்ததில், அந்தத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு வழி இருக்கிறது: இன்னொரு லாரியோடு போய் இருவருக்கும் நடுவில் உட்காரலாம்.

மரியா மாண்டிசோரி ஒரு மருத்துவர். 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கிய அவர், குழந்தைகளைக் கவனித்துக் கவனித்துத்தான் தன் கல்வி முறையை உருவாக்கினார். இதை மாணவர்களிடம் சொல்லுங்கள். நோட்டுக்குக் கொஞ்சம் மரியாதை வரும்.

கோட்பாட்டை, குழந்தைகளை நேரில் பார்த்த பிறகு சொல்லிக்கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வயதுக் குழந்தைகள் இருவர் அருகருகே உட்கார்ந்து, பேசிக்கொள்ளாமல் அவரவர் மணலை அள்ளிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருபவர்கள் ‘ஐயோ, சேர மாட்டேன் என்கிறார்களே’ என்று சேர்த்துவைக்க ஓடுவார்கள். அப்படி அருகருகே அவரவர் பாட்டுக்கு விளையாடுவதற்கு இணை விளையாட்டு என்று பெயர். அந்த வயதுக்கு இயல்பானது. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-ல் வெளியிட்ட ஆய்வில், தனியாக விளையாடுவது முதல் கூடி விளையாடுவது வரை இப்படி வகை பிரித்துக் காட்டியிருக்கிறார். உங்கள் மாணவர்களின் நோட்டிலேயே எல்லா வகைக்கும் உதாரணம் கிடைத்துவிடும்.

அப்புறம் பேச்சு. குழந்தை படம் வரைந்து காட்டினால் நம் வாயில் தானாக வருவது ‘சூப்பர்’. அதோடு பேச்சு முடிந்துவிடும். குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, “இந்த நீலக் கோடு தாளின் ஓரம் வரைக்கும் போயிருக்கிறதே” என்று பார்த்ததைச் சொல்லி, ஐந்து வினாடி சும்மா இருக்கப் பழக்குங்கள். பதினாறு வயதில் அந்த ஐந்து வினாடி பெரும்பாடு. வகுப்பிலேயே இரண்டிரண்டு பேராக ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.

பாதுகாப்புப் பாடத்தைப் போஸ்டரோடு விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுவதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். டாய்லெட் பேப்பர் சுருளின் நடு அட்டைக்குழாய் ஒன்றைக் கொடுத்து, அதற்குள் நுழையும் பொருள்களை அறையில் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அதெல்லாம் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியவை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூச்சடைத்தால் செய்யும் முதலுதவி பெரியவர்களுக்குச் செய்வது போன்றதல்ல; அதைத் தகுதி பெற்ற பயிற்றுநரிடம் நேரில்தான் கற்க வேண்டும்.

மழலையர் பள்ளியோடு சிலவற்றை முன்பே பேசி முடித்துவிடுங்கள். மாணவர்கள் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. கழிப்பறைக்கு அழைத்துப்போவது அவர்கள் வேலையல்ல. போட்டோ கூடவே கூடாது. நோட்டில் குழந்தையின் பெயருக்குப் பதில் ஓர் எழுத்துப் போதும். மனதுக்கு உறுத்தலாக எதையாவது கண்டால், வகுப்பு ஆசிரியரிடமும் உங்களிடமும் அன்றே சொல்ல வேண்டும். முக்கியமாக, இத்தனை குழந்தைக்கு இத்தனை பெரியவர் என்ற கணக்கில் இவர்களைச் சேர்க்கக் கூடாது. ஆள் குறைவாக இருக்கும் நாளில் அந்த ஆசை எல்லோருக்கும் வரும்.

சம்பளத்தை மறைக்காதீர்கள். பொறுப்புக்கு ஏற்ற ஊதியம் இல்லை என்ற குறை இந்தத் துறையில் பரவலாக உண்டு. முதுகு வலிக்கும், முதல் வருடம் சளி ஓயாது. பல ஆண்டு அனுபவமுள்ள ஓர் ஆசிரியரை அழைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். பதினோரு பேரில் இரண்டு பேர் விலகினால் நல்லதுதான், இப்போதே தெரிந்ததே!

அடுத்த படிப்புக்கும் அந்த நோட்டு உதவும். அமெரிக்காவில் மழலையர் ஆசிரியர்களுக்கு சிடிஏ (Child Development Associate) என்றொரு சான்றிதழ் இருக்கிறது. அதற்கு 120 மணி நேரப் பயிற்சி, குழந்தைகளோடு 480 மணி நேர அனுபவம், ஒரு தொகுப்புக் கோப்பு எல்லாம் வேண்டும். அங்கே 11, 12-ஆம் வகுப்பில் இதற்கான தொழிற்கல்வி படிக்கும் மாணவர்களும் இதை எடுக்கலாம். உங்கள் மாணவர்கள் அதை எழுதப்போவதில்லை என்றாலும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றால் 40 வாரத்தில் 120 மணி நேர அனுபவம்தான் சேரும். இது தொடக்கம்தான் என்பது அவர்களுக்கும் புரியும். தேதி போட்டு, நீங்கள் கையெழுத்திட்டு வைத்த குறிப்புகளை நேர்முகத் தேர்வில் காட்டலாம்.

அந்தப் பையன் விஷயம். கிண்டல் செய்பவர்களுக்குச் சொற்பொழிவு வேண்டாம். மழலையர் பள்ளியில் மேசை தூக்க, பந்து போட மட்டுமே அவனைக் கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். கதை வாசிக்கும் வாய்ப்பு, அழும் குழந்தையின் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பு எல்லாம் மற்றவர்களைப் போல அவனுக்கும் வரிசைப்படி வரட்டும். அவன் எழுதிய குறிப்பு ஒன்றை அடுத்த வகுப்பில் பெயர் சொல்லாமல் வாசித்துக்காட்டி, இதை எழுதியது யார் என்று கேட்டுப் பாருங்கள்.