பழைய பந்தயக் கார்களைப் படம் பிடிக்க: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குட்வுட் ரிவைவல் பற்றியவை. இங்கிலாந்தின் அந்தப் பழைய ஓடுதளம் 1948-இல் திறந்து 1966-இல் பந்தயங்களுக்கு மூடப்பட்டது. 1998 முதல் செப்டம்பரில் நடக்கும் ரிவைவல் விழாவில் அந்தக் காலத்துக் கார்களே அங்கே மீண்டும் ஓடுகின்றன.

கே: ஷட்டர் வேகம் 1/2000 நொடியில் எடுத்தேன். படம் கத்தி மாதிரி இருக்கிறது, ஆனால் கார் நிறுத்தி வைத்தது போலத் தெரிகிறதே? (கோவை)

ப: வேறெப்படித் தெரியும்? மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு இருபது தடவைக்கு மேல் சுற்றும். 1/2000-இல் அது திரும்புவது நாலு டிகிரி. கம்பிச் சக்கரத்தின் ஸ்போக்குகளை உட்கார்ந்து எண்ணலாம். 1/125-க்கு இறங்குங்கள், அறுபது டிகிரி திரும்பி ஸ்போக்குகள் கரைந்துவிடும். சிக்கேனில் (வேகத்தைக் குறைக்க வைத்த நெளிவு வளைவு) கார்கள் எழுபது, எண்பதுக்கு வந்துவிடுவதால் அங்கே 1/60 வேண்டும்.

படத்தை எடுக்கப்போகும் இடத்தைப் பார்த்துக் கால்களை ஊன்றுங்கள். இடுப்பை மட்டும் திருப்பி, கார் தூரத்தில் வரும்போதே பிடித்துத் தொடருங்கள். இதுதான் பேனிங். அழுத்திய பிறகும் தொடர வேண்டும். பலர் 'க்ளிக்' என்றதும் நிறுத்திவிடுவதால்தான் படம் கலங்குகிறது. ஃபோகஸ் தொடர் முறையில் இருக்கட்டும், புள்ளி ஓட்டுநர் மீது இருக்கட்டும். 1/250-இல் தொடங்கிப் படிப்படியாக இறங்குங்கள். 1/60-இல் பத்துக்கு இரண்டு தேறினால் நல்ல நாள்.

கே: உச்சி வெயிலில் 1/30-இல் பேனிங் செய்ய லென்ஸ் துளையை எஃப்/22 வரை சுருக்கியும் படம் வெளுக்கிறது. (திருச்சி)

ப: ஐஎஸ்ஓ 100-இல் எஃப்/22 அந்த வெயிலுக்குப் போதாது. போதுமென்றாலும் விளிம்புக் கூர்மை போய், சென்சாரில் உள்ள தூசியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் போடுங்கள். எஃப்/10 பக்கம் வந்துவிடும்.

கே: டயர்கள் முட்டை வடிவில் வருகின்றன. லென்ஸ் கோளாறா? (யாழ்ப்பாணம்)

ப: இல்லை. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். சாதாரண சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிடுகிறது. சரியாகப் பேனிங் செய்தால் கார் தப்பிக்கும், பின்னாலுள்ள கம்பங்கள் சாயும், ஸ்போக்குகள் வளையும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

கே: படம் இணைத்துள்ளேன். பச்சைக் கார், எண் 7. இது என்ன கார், எந்த வருடம், எந்தப் பந்தயத்தில் வென்றது? (சென்னை)

ப: இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு நாலு வருகிறது. அந்தக் காலத்தில் பிரிட்டனுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளி. ஆகவே 'பச்சை' என்றால் பிரிட்டிஷ் கார் போலிருக்கிறது என்பதோடு சரி. ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு. ஒரே நாளில் நாலு பந்தயத்தில் நாலு 7 ஓடலாம். உங்கள் படத்திலோ மூக்கும் ஒரு சக்கரமும்தான் இருக்கின்றன.

கிளம்பும் முன் கேமரா கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். செப்டம்பரில் நம் நேரத்திலிருந்து நாலரை மணி குறைக்க வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முதல் ஃபிரேமாக நிகழ்ச்சிப் புத்தகத்தின் பட்டியல் பக்கத்தை எடுங்கள். பிறகு எண் தெரியும்படி முழுப் பக்கவாட்டுப் படம் ஒன்றாவது வேண்டும். ஜாகுவார் டி-டைப்பில் 1955-இல் வந்த நீள மூக்கு, குட்டை மூக்கைவிட ஒரு சாண் அளவு நீளம். முன்னால் நின்று வைடு லென்ஸில் எடுத்தால் எல்லா மூக்கும் நீளம்தான்.

'வென்ற கார்' விஷயத்துக்கு வருவோம். டி-டைப் 1955, 56, 57 மூன்று ஆண்டும் பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான்ஸில் வென்றது உண்மை. அதற்காக ஸ்காட்லாந்து அணியின் நீல நிறத்தில் டி-டைப் ஒன்றைக் கண்டதும் 'லெ மான்ஸ் வென்ற அதே கார்' என்று படத்தின் கீழே எழுதுவதா? நகல்கள் ஏராளம். ஜாகுவாரே 2018-இல் புதிதாக இருபத்தைந்து டி-டைப் செய்வதாக அறிவித்தது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட், கார் அந்தக் கால அமைப்பில் இருக்கிறது என்பதற்குத்தான். அதன் பூர்வீகத்துக்கு அது சாட்சி அல்ல. வகை, நிறம், எண், பந்தயம், தேதி எழுதுங்கள். சேசிஸ் எண்ணை (காரின் அடிச்சட்ட எண்) பட்டியலில் போட்டிருந்தால் மட்டும் சேருங்கள். ஊகத்தை எழுதினால் அது பத்து இடத்தில் நகலாகி 'வரலாறு' ஆகிவிடுகிறது.

கே: கரும்பச்சைக் கார்களில் எண் எழுதிய வெள்ளை வட்டம் விவரமில்லாமல் வெளுத்து வெந்துபோகிறது. (மதுரை)

ப: ஃபிரேம் நிறைய கருமை இருந்தால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். எக்ஸ்போஷர் திருத்தத்தை மைனஸ் 2/3 வையுங்கள். வட்டம் வெந்துவிட்டால் ரா (RAW) கோப்பிலும் மீளாது. வெள்ளிக் காருக்கு நேர்மாறாக பிளஸ் 2/3. அப்போதும் வட்டத்தைப் பாருங்கள்.

கே: பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் ஃபில்டர் போட்டால் முன்கண்ணாடியில் வானவில் வருகிறது.

ப: அது கண்ணாடி அல்ல, வளைத்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக். வளைத்ததில் உள்ளே தங்கிய இழுவிசைதான் நிறமாகத் தெரிகிறது. போலரைசரைச் சுழற்றிப் பாருங்கள், போகாவிட்டால் கழற்றுங்கள்.

கே: நல்ல லென்ஸ் ஒன்று சொல்லுங்கள்.

ப: என்ன கேமரா, எவ்வளவு பட்ஜெட், எங்கே நிற்பீர்கள் என்று ஒன்றும் எழுதவில்லை. பொதுவாக ஓடுதளத்துக்கு 100-400 மி.மீ., பேடாக்குக்கு (கார்கள் நிறுத்தித் தயாராகும் இடம்) 35 மி.மீ. வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

கே: 400 மி.மீ.-இல் மதியம் எடுத்தவை எல்லாம் மங்கல். (சேலம்)

ப: தார்ச் சாலையிலிருந்து எழும் சூட்டுக் காற்று. எந்த விலை லென்ஸாலும் தீராது. காலையில் எடுங்கள், அல்லது கார் கிட்டே வரும் வளைவுக்கு நகருங்கள்.

கே: பேடாக்கில் காரின் மேல் கையூன்றி டயல்களை எடுக்கலாமா?

ப: கூடாது. அலுமினியத் தகடு ஒன்றரை மில்லிமீட்டர்தான். முழங்கை பட்டால் பள்ளம், பெல்ட் கொக்கி பட்டால் கீறல். பக்கவாட்டில் ஓடும் சைலன்சர் குழாய் காலைச் சுட்டுவிடும். டயல் வேண்டுமானால் அருகில் நிற்கும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். அப்போதும் கை காரில் படக்கூடாது.

கே: மொபைல் போதுமா?

ப: போனட் தோல்வார், ரிவெட், டயல், இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். ஓடும் காருக்குப் போதாது.