கலிபோர்னியாவில் புது வீடுகளின் மேல் போடும் மெல்லோ-ரூஸ் என்ற சிறப்பு வரிக்கு "வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள்" என்கிறார்களே, அந்த வாக்காளர்கள் யார்?

கலிபோர்னியாவில் புது வீடு பார்க்கப் போயிருப்பீர்கள், விற்பனை அலுவலகத்தில் இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

1978-ல் மாநில வாக்கெடுப்பில் வந்த புரொபசிஷன் 13 என்ற சட்டம், அடிப்படை வீட்டு வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. புதிதாக வீடுகள் எழும்பும் இடத்தில் சாலைக்கும் சாக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் வேண்டுமே? 1982-ல் மெல்லோ-ரூஸ் சட்டம் வந்தது. ஒரு பகுதியைத் தனி மாவட்டமாக வகுத்து, கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, அங்குள்ள வீடுகளின் மேல் சிறப்பு வரி போட்டு அடைப்பார்கள். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆனால் அந்த இடத்தில் பதிவு செய்த வாக்காளர்கள் 12 பேர்கூட இல்லையென்றால், வாக்கு நில உரிமையாளருக்குப் போய்விடும். ஏக்கருக்கு ஒரு வாக்கு.

நாங்கள் 2016-ல் வாங்கினோம். முதல் வரி பில்லில் சிறப்பு வரி மட்டும் 3,900 டாலர். ஏஜென்ட் "எல்லாரும் கட்டுறதுதான்" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. நகர அலுவலகத்துக்குப் போய் அந்தத் தேர்தல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 2012-ல் நடந்த தேர்தல். உள்ளே இருந்தது ஒரே ஒரு வாக்குச்சீட்டு. நிலம் முழுவதும் வீடு கட்டிய நிறுவனத்தின் பெயரில் இருந்தது, அவர்களுடைய நூற்றுச்சொச்சம் வாக்கும் 'ஆம்'. அன்றைக்கு அங்கே காய்ந்த புல்தான் இருந்திருக்கும். கடனை அடைப்பது நாங்கள்.

வரியே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் பூங்காவும் பள்ளியும் அருமையாக இருக்கின்றன, அந்தப் பணத்தில் வந்தவைதான். சட்டப்படிதான் நடந்தது என்பதும் தெரியும். 2014-ல் சான் டியாகோவில் மாநாட்டு மையத்துக்காக ஹோட்டல் நில உரிமையாளர்கள் மட்டும் வாக்களித்த வரியை மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அது ஆட்கள் வாழும் ஊர். வெறும் நிலத்துக்காக யார் வழக்குப் போடுவார்கள்?

அப்புறம், எனக்கு இன்னமும் எந்தத் தேர்தலிலும் வாக்கு கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். சரி, அதை விடுங்கள்.

நீங்கள் வீடு வாங்கும்போது சிறப்பு வரி அறிவிப்பு என்று ஒரு தாள் தருவார்கள். கையில் தந்தால் 3 நாள், தபாலில் வந்தால் 5 நாள், அதற்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, ஆண்டுதோறும் ஏறுமா (வீடுகளுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது), கடைசி வருடம் எது என்று பாருங்கள். நான் அதை மற்ற காகிதக் கட்டோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்கள் தாளில் கடைசி வருடம் 2049. வீடு வாங்கும்போது என் மகளுக்கு 5 வயது, அது முடியும்போது 38.