பிரிவுக்குப் பிறகு அடுப்பின் முன் நிற்கும் மாலைகள்

பிரிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன, குழந்தைகள் இருவரும் வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை உங்களிடம் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சமைக்க நின்றால் கை ஓடவில்லை, இதை எப்படிக் கடப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கை ஓடாததைச் சோம்பல் என்று எண்ணி உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் 1967ஆம் ஆண்டில் வாழ்க்கை மாற்றங்களின் பாரத்தை மதிப்பெண்களாக வரிசைப்படுத்தியபோது, துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73, பிரிந்து வாழ்வதற்கு 65 என்று வைத்தார்கள். அந்தப் பட்டியலின் முதல் மூன்று இடங்கள் இவையே. இவற்றுள் இரண்டு அடுத்தடுத்து வந்து இறங்கும் காலத்தில் உப்பு போட மறப்பது இயல்பு.

என்னை முதலில் உடைத்தது அளவுதான். மூவருக்கு அளந்து பழகிய கை, மகள் என்னிடம் இல்லாத நாள்களிலும் மூவருக்கே அரிசி அளந்தது. மிஞ்சியதைக் கொட்டும்போதெல்லாம் அழுகை வந்தது. பிறகு அந்த மிச்சத்தையே வழியாக்கிக்கொண்டேன்: மகள் வருவதற்கு முந்தைய இரவு வேண்டுமென்றே கூடுதலாகச் சமைத்து, ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். மூன்று, நான்கு நாள்களுக்குள் அதைத் தீர்த்துவிட வேண்டும். சோற்றில் மட்டும் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாகாமல், வெளியே வைத்த சோற்றில் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் போகாத நஞ்சை உண்டாக்கக் கூடியவை.

முந்தைய இரவே சமைத்துவிட்டதால், அவள் வந்து சேரும் மாலையில் நான் அவளுக்கு முதுகைக் காட்டி அடுப்பைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம் அவள் பேச மாட்டாள். தொடக்கத்தில் அதை என் மீதான கோபம் என்று தவறாகப் புரிந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பின்னர், எதுவும் கேட்காமல் ஒரு கிண்ணம் பட்டாணியை நடுவில் வைத்து இருவரும் உரிக்கத் தொடங்கினோம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, கைகளைப் பார்த்தபடி குழந்தைகள் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் பிரிந்தது தன்னால்தானோ என்ற கேள்வியை அவள் அப்படித்தான் ஒரு நாள் கேட்டாள். இல்லை என்று அன்று சொன்னேன், அதன்பின் பலமுறை சொன்னேன். ஒருமுறை சொன்னால் போதாத பதில் அது.

இன்னொரு மாலை, அம்மா வீட்டு முட்டைதான் நன்றாக இருக்கும் என்றாள். சுருக்கென்று தைத்தது. அன்றிரவு, அதை எப்படிச் செய்கிறாய் என்று அவளுடைய அம்மாவுக்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். பணமும் வழக்கும் இல்லாமல் பல மாதங்களுக்குப் பின் எங்களுக்குள் போன முதல் செய்தி அது. அடுப்பைச் சிறிதாக்கி, மூடி வைத்தால் போதும் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் ஒரே முட்டை. இரண்டு சமையலறைகளும் போட்டி போட்டால், ஒவ்வொரு கவளத்திலும் குழந்தை ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை. அதனால் ஒவ்வாமை, மருந்து நேரம், சாப்பிடாமல் விட்டது ஆகியவற்றைப் பெரியவர்கள் நேரடியாக எழுதிப் பரிமாறிக்கொள்ளுங்கள். 'இனிப்பைக் குறைக்கச் சொல்' என்ற சிறு சொல்லைக்கூடக் குழந்தையிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

அடியோ மிரட்டலோ இருந்த மணவாழ்விலிருந்து வெளியேறியவர்களுக்கு நான் சொல்லும் இந்த இணக்கம் பொருந்தாது. 1989ஆம் ஆண்டின் ஐநா குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பெற்றோர் இருவருடனும் தொடர்ந்து உறவு பேணும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. ஆனால் குழந்தையின் நலனுக்கு அது எதிராக இருந்தால் விலக்கு உண்டு என்றும் அதே பிரிவில் சொல்கிறது. அத்தகைய நிலையில் பாதுகாப்புத்தான் முதலில்.

குழந்தைகள் இல்லாத நாள்களில் எளிமையாக எதையாவது செய்து, நின்றபடி அல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பசியும் தூக்கமும் இரண்டு வாரங்களுக்கு மேல் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வாரம் வியாழன் இரவே நறுக்க வேண்டியதை நறுக்கி, வேக வைக்க வேண்டியதை வேக வைத்துவிடுங்கள். உரிக்க வேண்டியதை மட்டும் குழந்தைகள் வரும்வரை அப்படியே விட்டுவையுங்கள்.