பாய்ச்சலைக் கேட்டால் ஓட்டத்தைக் கூட்டும் வண்டிக் குதிரை

கேள்வி: நாங்குநேரி பக்கம் வாழையும் நெல்லும் போடுகிறேன். எட்டு வயதுக் கத்தியவாரி இனப் பெண் குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். முன்பு பந்தய வண்டியில் ஓடியது. ஓட்டத்திலிருந்து (டிராட்) தாவிப் போகும் பாய்ச்சலுக்கு (கேன்டர்) மாறினால் வண்டிக்காரர் இழுத்துப் பிடித்துவிடுவார். இப்போது என் மகள் அதில் டிரெஸ்ஸாஜ் (குதிரையைச் சீரான நடைகளில் ஓட்டிக் காட்டும் போட்டி) பழகுகிறாள். பாய்ச்சலுக்குக் கேட்டால் தலையைத் தூக்கிக்கொண்டு ஓட்டத்தையே வேகமாக்குகிறது. அப்படியே பாய்ந்தாலும் இடது வட்டத்தில் தப்புக் கால் (இடது முன்னங்காலுக்குப் பதில் வலது) முந்துகிறது. ஓட்டத்துக்குத் திரும்பும்போது முன்பக்கமாகச் சரிகிறது. முள் கடிவாளம் போட்டுப் பார்க்கலாமா? தினமும் 4 கிலோ கொள்ளு வைக்கிறேன்.

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்த முள் கடிவாளத்தை மறந்துவிடுங்கள். முள் வைத்த கடிவாளத்தை 1965-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாயில் வலி இருக்கிற குதிரை தலையைத் தூக்கும், முதுகைக் குழிக்கும். முதுகு குழிந்தால் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வராது. பின்னங்கால் வராமல் நல்ல பாய்ச்சல் ஏது?

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வண்டியில் இருந்தபோது பாய்ச்சல் என்றால் தப்பு, வேகமான ஓட்டம் என்றால் சரி என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது உங்கள் மகள் காலால் அழுத்தினால், பாவம், தெரிந்த சரியான விடையை இன்னும் வேகமாகச் சொல்லுகிறது. பழைய பாடத்தை அழிக்க முடியாது. புதிய பாடத்தைப் புதிய வார்த்தையில்தான் தொடங்க வேண்டும். வண்டிக்காரர் நாக்கைச் சொடுக்கி ஓட்டியிருந்தால் அந்தச் சத்தத்தை இனிமேல் எழுப்பவே கூடாது.

அதற்கு முன் உடம்பைப் பாருங்கள். பல் ஓரம் கூராகியிருக்கிறதா, சேணம் தோள் மேட்டில் அழுத்துகிறதா, லாடம் சரியா என்று ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிவிடுங்கள். வண்டிக் குதிரைக்குச் சேணம் புதுசு. முதுகு வலியையும் முரண்டு என்று நினைத்துவிடுவோம். கொள்ளு 4 கிலோ அதிகம். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதியாக்குங்கள். 350 கிலோ எடையுள்ள குதிரைக்குக் காய்ந்த எடையில் தினம் 5 கிலோவுக்குக் குறையாமல் புல் போக வேண்டும். வெறும் வைக்கோலை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. கத்தியவாரியில் சில குதிரைகளுக்கு ஒரே பக்கத்து இரண்டு காலும் சேர்ந்து போகும் ரேவால் நடை பிறவியிலேயே வரும். ஏறி உட்கார்ந்தால் அலுங்காமல் சுகமாக இருக்கும், ஆனால் டிரெஸ்ஸாஜில் செல்லாது. அங்கே நடையில் நாலு காலும் தனித்தனியாக நாலு தட்டு விழ வேண்டும். ஓட்டத்தில் குறுக்குக் கால்கள் ஜோடியாக இரண்டு தட்டு. பாய்ச்சலில் மூன்று தட்டு, அப்புறம் ஒரு கணம் காற்றில். பக்கவாட்டில் நின்று செல்போனில் வீடியோ எடுத்து, அதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இடது பாய்ச்சல் தொடங்குவது வலது பின்னங்காலில். அடுத்து இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து, கடைசியில் இடது முன்னங்கால். அதனால்தான் ஏறியிருப்பவர் தன் வெளிப்பக்கத்துக் காலை ஒரு சாண் பின்னே வைத்துக் கேட்கச் சொல்கிறார்கள். கேட்கிற இடமும் முக்கியம். நேர்க்கோட்டில் கேட்காமல், மூலைக்குள் நுழையும்போது உடம்பு இடது பக்கம் வளைந்திருக்கையில் கேட்டால் சரியான கால் முந்த வாய்ப்பு அதிகம்.

பழக்குகிற இடத்தையும் பாருங்கள். பிசான நெல் அறுத்த வயல் வெடித்து இறுகிக் கிடக்கும், குளம்புக்கு ஆகாது. தேரி (செம்மணல் மேடு) மணல் ஆழம், தசைநாரை இழுத்துவிடும். செவல் (செம்மண்) நிலத்தில் 20 சென்ட் ஒதுக்கினால் 20-க்கு 40 மீட்டர் களம் கிடைத்துவிடும். ஒரு உழவு ஓட்டிப் பரம்படித்தால் போதும்.

முதல் மூன்று வாரம் மகள் ஏறவே வேண்டாம். நீளக் கயிற்றில் பெரிய வட்டமாக, திசை மாற்றி மாற்றி, பத்து நிமிடம் விடுங்கள். பாய்ச்சலுக்கு ஒரு புதிய சொல் வையுங்கள். ‘ஹோ’ வேண்டாம், அது நிறுத்துகிற சொல்லாகவே இருக்கட்டும். பாய்ந்த அந்த நொடியில் பாராட்டு, நாலு தாவலில் ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். களைத்துப்போய்த் தானே ஓட்டத்துக்கு விழுவதற்கு முன் நீங்களே அதைக் கொண்டுவர வேண்டும்.

ஏறிய பிறகு நடை, ஓட்டம், நடை, நிறுத்தம் என்று பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு தரம் மாற்றச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு இரண்டு அடி முன்பே மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, லகான் பிடித்த விரலை ஒரு கணம் மூடித் திறக்க வேண்டும். திறக்க மறந்தால் அது இழுப்புதான், பழைய வண்டி நினைவுக்கு வந்துவிடும். ஓட்டம் வேகமெடுத்தால் பாய்ச்சலைக் கேட்காதீர்கள். நடைக்கு வந்து, குதிரை அமைதியான பிறகு மறுபடி. பாய்ச்சலிலிருந்து இறங்கும்போதும் இதே முறைதான். உட்காருவதில்தான் இறக்கம், கையில் இல்லை.

போட்டியில் வாயால் சொன்னால் மதிப்பெண் குறையும். ஆகவே சொல்லையும் காலையும் ஒரு மாதம் சேர்த்துக் கொடுத்து, பிறகு சொல்லை மட்டும் விட்டுவிட வேண்டும்.

வேலை 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் வெயில் ஏறுமுன். வாரம் ஒரு நாள் கால்வாய்க் கரையில் நீள லகானில் சும்மா நடக்கவிடுங்கள். 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் நமக்குக் கிடைத்ததைப் பார்த்து நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். உங்கள் குதிரைக்கு இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். அதற்குள் இடது வட்டத்தில் பத்துக்கு ஏழு தரமாவது சரியான கால் வராவிட்டால், இரண்டு பக்கமும் எடுத்த படத்தோடு மறுபடி எழுதுங்கள். இடுப்பையும் பின்முழங்காலையும் பார்க்க வேண்டியிருக்கும்.