அறுவை சிகிச்சைக்குப் பின் மனக்குழப்பம்: மூளை அலைகள் முன்கூட்டியே சொல்லுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 76. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முன்பு என் தந்தைக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடந்தபோது, இரண்டாம் நாள் இரவில் எங்களையே யாரென்று கேட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் தெளிந்தார். மூளை அலைகளைக் கண்காணித்தால் இதை முன்கூட்டியே அறியலாம் என்று படித்தேன். அம்மாவுக்கு அந்தச் சோதனையைக் கேட்கலாமா?

பதில்: உங்கள் தந்தைக்கு ஏற்பட்டது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பமாக இருக்கும். கவனம் சிதறுவதும், ஒரு வேளை தெளிவும் மறு வேளை குழப்பமுமாக நிலை மாறுவதும் இதன் அடையாளங்கள். முதியவர்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்களில் இது மிகச் சாதாரணமானது.

மூளை அலைப் பதிவு, அதாவது இ.இ.ஜி., புதிய கருவியன்று. ஹான்ஸ் பெர்கர் 1924இலேயே மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்துவிட்டார். விழிப்புடன் கண்மூடி அமைதியாக இருப்பவரிடம் நொடிக்கு 8 முதல் 13 வரையிலான ஆல்ஃபா அலைகள் தெளிவாகத் தெரியும். டெலிரியத்தில் இவை மங்கி, தீட்டா, டெல்டா என்னும் மெதுவான அலைகள் மேலோங்குகின்றன. ஆனால் இது குழப்பம் வந்தபின் காணும் மாற்றம்; வந்ததைக் கண்டறிவதும் வரப்போவதைக் கணிப்பதும் வெவ்வேறு வேலைகள்.

கணிப்புக்கு உதவக்கூடிய தடயங்கள் அறுவை அரங்கில், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது கிடைக்கின்றன. நெற்றியில் ஒட்டப்படும் பட்டை வழியாக அலைகளைப் பார்க்கையில், சிலருக்கு மூளை சில நொடிகள் ஏறக்குறைய மௌனமாகி, பிறகு திடீரென்று அலைகளை வீசி, மீண்டும் மௌனமாகும். 'பர்ஸ்ட் சப்ரஷன்' எனப்படும் இந்நிலை நீண்ட நேரம் காணப்பட்டவர்களுக்குப் பின்னர் டெலிரியம் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மயக்கத்தின்போது ஆல்ஃபா அலைகளின் வலிமை குறைந்திருப்பதும் மூளையின் தளர்ச்சியைக் குறிக்கலாம்.

அப்படியானால் அலைகளைப் பார்த்து மருந்தைக் குறைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஹாங்காங்கில் 2013இல் வெளியான ஆய்வில், அலைக் கண்காணிப்பின் வழிகாட்டுதலுடன் மயக்கம் கொடுத்தவர்களில் டெலிரியம் 24.1 சதவீதத்திலிருந்து 15.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் அமெரிக்காவில் 1,232 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில் பர்ஸ்ட் சப்ரஷன் நேரம் குறைந்தபோதும், டெலிரியம் 26 சதவீதத்தினருக்கு வந்தது; வழக்கமான முறையில் மயக்கம் பெற்றவர்களில் அது 23 சதவீதம். கனடாவில் இதய அறுவை நோயாளிகளிடம் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்விலும் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. என் கருத்தில், அந்த மௌனம் பல நேரங்களில் மருந்தின் மிகுதியைவிட மூளையின் தளர்ச்சியையே காட்டுகிறது. குறைந்த அளவு மருந்திலேயே சிலருக்கு அது தோன்றுவதும், அவர்களுக்கே டெலிரியம் அதிகம் வருவதும் இக்கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் நனைத்தால் காய்ச்சல் இறங்காதல்லவா?

ஆகவே, உங்கள் தாயாரின் மயக்கவியல் மருத்துவர் அலைக் கண்காணிப்பைப் பயன்படுத்துவாரா என்று கேட்பதில் தவறில்லை. வலியற்றது, தீங்கற்றது, தேவைக்கு மீறிய ஆழ்மயக்கத்தைத் தவிர்க்க உதவுவது. முதுகுத்தண்டு ஊசியில் இந்த அறுவையைச் செய்தால் அதன் பயன் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்கென்று முன்கூட்டியே தனியாக ஒரு இ.இ.ஜி. எடுக்க அலைய வேண்டாம்; அது ஒருவருக்கு டெலிரியம் வரும், வராது என்று உறுதியாகச் சொல்லும் நிலையை இன்னும் எட்டவில்லை.

அதைவிடப் பயனுள்ள தகவல்கள் உங்களிடமே இருக்கின்றன. தாயாருக்குக் கடந்த ஓராண்டில் மறதி கூடியிருக்கிறதா, காது மந்தமா, பார்வை குறைவா, முன்பு எப்போதாவது இப்படிக் குழம்பியிருக்கிறாரா என்பவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், குறிப்பாகத் தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாமைக்கான மாத்திரை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் குழப்பத்தை உண்டாக்கும்.

அறுவைக்குப் பின் கண்ணாடியும் செவிக்கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வலி அடங்கியிருக்கிறதா, போதிய நீர் அருந்துகிறாரா, சிறுநீரும் மலமும் தடையின்றிப் போகின்றனவா என்று கவனியுங்கள். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இடையூறில்லாத உறக்கமும், மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடப்பதும் தேவை. தெரிந்த முகம் ஒன்று அருகில் இருப்பது மிகவும் நல்லது.

உங்கள் தந்தையைப் போல் வெளிப்படையாகக் குழம்பிப் பேசினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சத்தமின்றிச் சோர்ந்து கிடக்கும் டெலிரியமே கண்ணில் படாமல் தப்புவது. இரண்டாம் மூன்றாம் நாள்களில் தாயார் வழக்கத்துக்கு மாறாக மௌனமாகவோ, பேச்சைத் தொடர முடியாமலோ இருந்தால், களைப்பு என்று விட்டுவிடாமல் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். தொற்று, உப்புச் சத்துக் குறைபாடு, சிறுநீர்த் தேக்கம் போன்ற காரணம் ஏதேனும் உண்டா என்று அப்போதே தேட முடியும்.