முதல் காட்சியில் சிரிப்பு வராதது ஏன்?

வணக்கம். ‘பியாண்ட் தெரபி’ நாடகத்தின் முதல் காட்சி ஒத்திகையில் யாருமே சிரிக்கவில்லை, நடிகர்கள் இன்னும் வேகமாக, சத்தமாகப் பேச வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நேர்மாறாகச் செய்யுங்கள்.

அமெரிக்க நாடகாசிரியர் கிறிஸ்டோபர் டுராங் எழுதி, 1981இல் மேடையேறிய இந்த நகைச்சுவை நாடகத்தில் புரூஸும் புரூடென்ஸும் துணை தேடும் பத்திரிகை விளம்பரம் மூலம் நியூயார்க் உணவகமொன்றில் சந்திக்கிறார்கள். புரூஸ் எதற்கெடுத்தாலும் அழுகிறான். ஆண் துணையோடு வாழ்வதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறான். உங்கள் நடிகர் அந்த அழுகையைக் கேலியாகச் செய்தால் காட்சி அங்கேயே செத்துவிடும். அவனுக்கு அது உண்மையான அழுகை. புரூடென்ஸோ நாகரிகமாக நடந்துகொண்டு, அந்த மாலையை எப்படியாவது காப்பாற்றப் பார்க்கிறாள். அந்தப் போராட்டம் தெரிந்தால் சிரிப்பு தானாக வரும்.

இந்தக் காட்சியில் பரிமாறுபவர் வரவே மாட்டார் என்பதையும் மறக்காதீர்கள். இருவரும் அடிக்கடி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். பசியோடு அமர்ந்திருக்கும் இருவரைப் பார்ப்பதே பாதி வேலையைச் செய்துவிடும்.

கதையை வேறு ஊருக்கு மாற்றும் உங்கள் யோசனை எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. ஆளுக்கொரு மனநல ஆலோசகர், அவர்களும் நோயாளிகளைவிடக் குழம்பியவர்கள் என்பது அந்தக் கால நியூயார்க்கின் மீதான நையாண்டி. அதைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் வேர் பிடிக்காது.

நாளை ஒருமுறை இருவரையும் மேசையில் அமரவைத்து, மெதுவான குரலில், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வசனம் பேசச் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று அவசியம் எழுதுங்கள்.