கொக்கின் காலைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

வெள்ளைக் கொக்குக்கு வழங்கும் 'எக்ரெட்' என்ற ஆங்கிலப் பெயர், நீர்ப்பறவையைக் குறிக்கும் நம் பழஞ்சொல் 'குருகு' என்பதிலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு வந்தது. ஓசையும் ஒத்துப்போகிறது. உண்மையா? எக்ரெட்டைக் கொக்கு என்பதா, நாரை என்பதா? 'வெண்பறவை' என்று புதுச்சொல் ஆக்கிக்கொண்டால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்மையில்லை. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர், நாரையைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல். நாரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹெரான்' பிறந்ததும் அதே வேரில்தான். கடைசியில் ஒட்டியிருப்பது சிறுமை விகுதி. ஆக, பொருள் 'சிறு நாரை'. வெண்மை அதில் எங்குமே இல்லை. ஓசை ஒத்ததும் உறவு கொண்டாடும் இந்தப் பழக்கத்தை, கையெடுத்துக் கும்பிடுகிறேன், விட்டுவிடுங்கள்.

கொக்கு என்றே சொல்லுங்கள், போதும். ஆனால் 'வெண்பறவை' என்றீர்களே, அதுதான் எனக்குக் கோபம். நிறத்தோடு உங்கள் பார்வை நின்றுவிட்டது. ஒரு கொக்கு மாட்டின் காலடியில் நடந்து பூச்சி பொறுக்குவதைப் பார்த்தவர் யாரோ 'உண்ணிக்கொக்கு' என்று பெயர் வைத்தார். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகிவிடும். அப்போது உங்கள் சொல்லை எங்கே கொண்டு வைப்பீர்கள்?

குருகைக் கேட்டீர்கள், கபிலரிடம் போங்கள். குறுந்தொகை 25. தலைவன் தலைவியை மணந்த அன்று சாட்சிக்கு வேறு யாருமில்லை. ஆரல்மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகுதான் உண்டு. அதன் காலை 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' என்கிறார். கைவிடப்படுவோமோ என்று கலங்கும் பெண் அந்தக் காலின் நிறத்தை மறக்கவில்லை. சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு. ஆகவே அது சின்னக் கொக்கு அல்ல. மடையான் என்ற குளத்துக் கொக்காக இருக்கலாம் என்பது என் எண்ணம். இவ்வளவு தூரம் பேச இடம் கொடுப்பது அந்த ஒரு வரி.

இறகை மட்டும் பார்த்தவர்களும் இருந்தார்கள். பிரெஞ்சில் எக்ரெட்டின் அதே பெயர் தலையில் செருகும் இறகுக் கொத்துக்கும் ஆயிற்று. முதுகில் அந்த மெல்லிழைகள் வளர்வது கூடுகட்டும் பருவத்தில். தொப்பிக்காகத் தாய்ப்பறவையைச் சுட்டார்கள், குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியில் செத்தன. 1889-இல் இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் இதை எதிர்த்துச் சங்கம் தொடங்கினார். அங்கே இறகு இறக்குமதிக்குத் தடைச்சட்டம் வர 1921 ஆயிற்று.

சிறுவயதில் நான் 'வெள்ளைக் கொக்கு!' என்று கத்தியபோது அப்பா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "காலைப் பாரு" என்றார். கறுத்த கால் ஒன்று சேற்றிலிருந்து மெல்ல எழுந்தது. அதன் நுனியில் விரல்கள் மட்டும் பளீரென்று மஞ்சள். மறுபடி தண்ணீருக்குள் போய் நடுநடுங்கிக் கலக்கிற்று. ஒரு மீன்குஞ்சு துள்ளியதுதான் தெரியும். அலகு அதற்குள் மூடிவிட்டது.

அன்புடன்.